எதிர்ச்சுற்று

ஐம்பத்திரண்டு வயதுக்காரியைப் "பெரிய பாப்பா" என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரவேண்டும். இவளுக்கு வந்ததில்லை. சுருட்டுக் கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவளைவிட முப்பது வயது சின்னவர்கள்கூட. அவள் கோபமெல்லாம் வேறொன்றின்மேல். தன் இடது கையின்மேல்.

அந்தக் கை ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லிவிட முடியாது. குடை பிடிக்கும், பை தூக்கும், கடிகாரம் கட்டிக்கொள்ளும். சுருட்டு மட்டும் சுற்றாது. வலது கை அழகாகச் சுற்றும், ஆனால் அந்தக் கம்பெனியில் அது கணக்கில் வராது. அந்தக் கம்பெனியில் இடது கையால் சுருட்டு சுற்றத் தெரியாதவர்கள் மொத்தம் இரண்டே பேர். ஒருத்தி பெரிய பாப்பா. இன்னொன்று வாசலில் படுத்திருக்கும் நாய்.

மற்றபடி புகையிலையைக் கரைத்துக் குடித்தவள் அவள். பதப்படுத்த அடுக்கிய இலைக் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பாள். "நாளைக்குப் புரட்டணும்" என்றால் நாளைக்குப் புரட்டியாக வேண்டும். ஒருமுறை அவள் பேச்சைக் கேட்காமல் ஒருநாள் தள்ளிப் புரட்டினார்கள். குவியல் முழுக்க உள்ளே வெந்து கருகி, தோட்டத்துக்கு எருவாகப் போனது. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன மறுவாரமே, இலை வாசனை இல்லாத வீட்டில் தூக்கம் வரவில்லை என்று வேலைக்குத் திரும்பியவள். கணவர் நல்ல மனிதர், இதற்கெல்லாம் பழகிக்கொண்டார். அப்படிப்பட்டவளுக்குக் கம்பெனியின் முதலாளி நாற்காலி கிடைக்கவில்லை. இடது கைதான் காரணம்.

ஏன் இடது கை என்று கேட்டால் பழைய கதைக்குப் போகவேண்டும். பெரிய கதை இல்லை.

கம்பெனியை ஆரம்பித்த முதல் முதலாளி, அதாவது அவளுடைய கொள்ளுத்தாத்தா, ஆரம்பித்த ஏழாம் வருடமே ஒரு விஷக்காய்ச்சலில் போய்விட்டார். அதே மாதத்தில் அவர் மனைவியும் போனார். மிஞ்சியது ஐந்து வயதுப் பையன் ஒருவனும், பூட்டிய கட்டடமும், ஒரு போட்டோவும். பையனை வளர்த்த மாமாவுக்குச் சுருட்டின் எந்த முனையைப் பற்றவைப்பது என்றுகூடத் தெரியாது. பையன் இருபது வயதில் பூட்டைத் திறந்தான். அவன்தான் தாத்தா. சொல்லித்தர ஆள் இல்லை. அந்தப் போட்டோதான் அவருக்குக் குரு, அப்பா, அம்மா எல்லாம்.

போட்டோவில் முதல் முதலாளி பலகைக்குமுன் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து சுருட்டு சுற்றிக்கொண்டிருக்கிறார். இலை வெட்டும் பிறைக்கத்தி இடது கையில் இருக்கிறது. ஆகவே தாத்தா இடது கையால் சுற்றப் பழகினார். ஒரு வருடம் பழகினாராம். சட்டைப்பை மார்பின் வலது பக்கம் இருக்கிறது. இடது கைக்காரர் எடுக்க வசதியாகத் தைத்துக்கொண்டார்போல என்று தாத்தாவும் அப்படியே தைத்துக்கொண்டார், வேலைக்கு வந்தவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். வகிடு வலது பக்கம். வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் அன்றிலிருந்து வகிடு வலது பக்கம்தான். முதல் முதலாளிக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம், எண்கள் இல்லாமல் கோடுகள் மட்டும் போட்டது. அதில் மணி எட்டு ஐம்பது. கம்பெனி மணி அன்றுமுதல் இன்றுவரை சரியாக எட்டு ஐம்பதுக்கு அடிக்கிறது. ஒன்பதுக்கு அடித்தால் என்ன குறைந்துவிடும் என்று யாரும் கேட்டதில்லை. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வருகிறது, ஆனால் கட்டடத்தில் அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை. தாத்தா அசரவில்லை. சுவரை உடைத்து அந்தப் பக்கம் ஜன்னல் வைத்தார். எதிர்ப்பக்கம் இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார். பழைய ஜன்னல் தன் அப்பா காலத்தில் இருந்திருக்காது, பிற்பாடு யாரோ வைத்திருக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

இத்தனைக்கும் பலன் இருந்தது. இடது கையால் சுற்றினால், கடைசியாகச் சுற்றும் மேல் இலை மற்றவர்கள் சுருட்டில் சாய்வதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து ஏறும். கடைக்காரர்கள் பெட்டியைத் திறந்ததும் அடையாளம் கண்டார்கள். புகைப்பவர்கள் விரலில் உருட்டிப் பார்த்தே சொன்னார்கள். 'எதிர்ச்சுற்று' என்று ஜனங்களே பேர் வைத்தார்கள், அந்தப் பேர் பெட்டியிலும் ஏறிவிட்டது. அதோடு தாத்தா ஒரு விதியையும் வைத்துவிட்டுப் போனார். நாற்காலிக்கு வருகிறவர், எல்லோர் முன்னிலையிலும், முதல் முதலாளியின் பலகையில், முதல் முதலாளி சுற்றியபடி ஒரு சுருட்டு சுற்றிக் காட்டவேண்டும்.

பெரிய பாப்பாவின் அப்பா அந்த விதியில் ஊறியவர். மகளுக்கு ஒன்பது வயதானபோதே அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டிவிடுவார். சுருட்டுக் கட்டுகளைக் கட்டுகிற மஞ்சள் நாடா. அடித்ததில்லை, திட்டியதில்லை, கட்டுவார் அவ்வளவுதான். "இது உன் நல்லதுக்குத்தான் பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்குப் போய்விடுவார். அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் ஆறு வயதுத் தம்பி வருவான். வாசலை ஒருதரம் எட்டிப் பார்ப்பான், முடிச்சை அவிழ்ப்பான். அவள் கையை உதறிக்கொள்வாள். செருப்புச் சத்தம் திரும்பக் கேட்டதும் தம்பியே கட்டிவிட்டு ஓடிவிடுவான். அந்தக் கட்டு அப்பாவின் கட்டைவிட இறுக்கமாக இருக்கும், பயத்தில் கட்டுவான் அல்லவா.

இருபத்திரண்டு வருடம் முன்பு அப்பா ஓய்வெடுத்தபோது அக்காவும் தம்பியும் பலகைக்குமுன் உட்கார்ந்தார்கள். தம்பி சுற்றியது சுருட்டு. அவள் இடது கையால் சுற்றியது கசங்கிய துணிபோல இருந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் நேராகக் கிடங்குக்குப் போய்க் குவியலைப் புரட்ட ஆரம்பித்தாள், சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

இப்போது தம்பிக்கு இடது கை நடுங்குகிறது. ஒரு வருடமாக மறைத்துப் பார்த்தான், தேநீர் டம்ளர் காட்டிக் கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை புதிய முதலாளியைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. போட்டிக்கு இரண்டு பேர். ஒருத்தி பெரிய பாப்பா. மற்றவன் சித்தப்பா மகன், கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்பவன், 'லாரி' என்றால்தான் யாருக்கும் தெரியும். லாரி பிறவி இடது கைக்காரன். பழுத்த இலைக்கும் பொட்டலக் காகிதத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன். ஆனால் சுற்று என்று வந்தால் கை தானாக ஓடும். பெரிய பாப்பா மூன்று மாதமாக வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் பழகினாள். இரண்டு கிலோ இலை வீணானதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமையும் தோற்றால் இன்னொரு வாய்ப்பு இந்த ஜென்மத்தில் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வாரத்தில்தான், கம்பெனியின் நூறாவது வருட மலருக்காக முதல் முதலாளியின் போட்டோவைப் பெரிதாக்கித் தரும்படி சட்டத்தோடு ஸ்டுடியோவில் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம் வாங்கப் போனாள்.

ஸ்டுடியோக்காரர் ஒரு மாதிரியாகத் தலையைச் சொறிந்தார். "மேடம், ஒரு சின்ன விஷயம். இந்தப் படத்தைத் திருப்பிப் போட்டிருக்காங்க."

"தலைகீழாவா?"

"இல்லை. இடம் வலமா. சட்டத்தைப் பிரிச்சேன். படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவுல இதோட மூல நெகட்டிவே இருந்துச்சு, கண்ணாடி நெகட்டிவ். காகிதத்துல சுத்தி வச்சிருந்தாங்க." மேஜைமேல் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றை ஜாக்கிரதையாக வைத்தார். "இதுல ஒரு பக்கம்தான் மருந்து பூசியிருக்கும். அந்தப் பக்கம் காகிதத்தைத் தொடணும். அந்தக் காலத்துல பிரின்ட் போட்டவர் அவசரத்துல மறுபக்கத்தை வச்சுட்டார். அதான் உங்க படம் கொஞ்சம் மங்கலா இருக்கு. இது நான் சரியாப் போட்டது."

புதிய படத்தை நீட்டினார். அதே ஆள், அதே பலகை, அதே கடிகாரம். கத்தி மட்டும் வலது கையில் இருந்தது.

பெரிய பாப்பா சிரித்தாள். "நீங்கதான் திருப்பிப் போட்டுட்டீங்க."

"அப்படின்னா இந்த எழுத்தைப் படிங்க." பழைய படத்தில் வெட்டி எடுத்துவிட்ட ஓரம் புதியதில் முழுசாக இருந்தது. அங்கே ஒரு புகையிலை மூட்டை, மூட்டைமேல் 'முதல் ரகம்' என்று மையால் எழுதியிருந்தது. பிசிறில்லாமல் நேராகப் படிக்க முடிந்தது. படத்தைத் திருப்பினால் எழுத்தும் திரும்பிவிடும். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

"ஏன் மேடம், எல்லாருக்கும் சட்டைப்பை இடது பக்கம்தானே இருக்கும்? இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடவா கவனிக்கலை?"

"கவனிச்சோம்," என்றாள் அவள். "கவனிச்சு, நாங்களும் வலது பக்கம் தச்சுக்கிட்டோம்."

திரும்பி வரும் வழியில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் இடது ஓரம் நடப்பதா வலது ஓரம் நடப்பதா என்பதே ஒரு கணம் சந்தேகமாகிவிட்டது. கம்பெனிக்குள் நுழைந்தபோது பதினெட்டுச் சுற்றுக்காரர்களும் இடது கையில் கத்தி பிடித்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பதினெட்டுப் பைகளும் வலது பக்கம். முன்னறையில் முதல் முதலாளியின் பலகைக்குப் பக்கத்துச் சுவரில், சிறுவயதிலிருந்தே ஈரம் என்று நினைத்திருந்த ஒரு சதுரக் கறை தெரிந்தது. ஈரமாவது கீரமாவது. அதுதான் அடைத்த ஜன்னல். மேற்குப் பக்கம். பையிலிருந்த புதிய படத்தை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி பத்து நிமிடம். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்குகிற நேரம். மனிதர் தேநீருக்குமுன் கடைசிச் சுருட்டைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அதை வைத்து மூன்று தலைமுறையாகக் காலையில் அடித்துப் பிடித்து எட்டு ஐம்பதுக்கு ஓடிவந்துகொண்டிருக்கிறார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் மணிக்கட்டில் நாடாவின் ஞாபகம் வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. முதல் முதலாளி வலது கைக்காரர் என்றால் அவள் ஒன்பது வயதிலேயே முதல் முதலாளியைப் போலத்தான் சுற்றினாள். விதிப்படி பார்த்தால் இருபத்திரண்டு வருடம் முன்பு தோற்றது அவள் இல்லை. சந்தோஷப்படுவதா? யார்மேல் கோபப்படுவது, பேர் தெரியாத அந்த அவசரக்கார ஸ்டுடியோக்காரன்மேலா? அதுவும் இல்லாமல், தாத்தா அந்தத் தப்பைப் பார்த்துப் பழகாமல் இருந்திருந்தால் எதிர்ச்சுற்று ஏது, கம்பெனி ஏது? தலையைப் பிய்த்துக்கொள்ளலாம்போல இருந்தது.

கண்ணாடியைப் பத்திரப்படுத்தலாம் என்று பெட்டிகள் வைக்கும் அறைக்குப் போனாள். அங்கே உட்கார்ந்துதான் அதைச் சுற்றியிருந்த காகிதத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். பச்சை இலை அச்சடித்த மெல்லிய காகிதம். சுருட்டுப் பெட்டிக்குள் விரிக்கிற காகிதம். அலமாரியில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்ததும் அதேதான். அவளே தேர்ந்தெடுத்த அச்சு. தம்பி நாற்காலிக்கு வந்த மூன்றாம் வருடம், அப்பா இறந்ததற்கு மறுவருடம், பழைய பழுப்புக் காகிதத்தை நிறுத்திவிட்டு இதைக் கொண்டுவந்தாள். ஆகவே இந்தக் கண்ணாடியைச் சுற்றி வைத்தது தாத்தா இல்லை, அப்பாவும் இல்லை. ஸ்டுடியோவுக்குப் போகும்வரை அந்தச் சட்டத்தைத் துடைக்க, கழற்ற உரிமை இருந்தவர் கம்பெனியில் ஒரே ஒரு ஆள்தான், முதலாளி.

தம்பிக்குத் தெரிந்திருக்கிறது.

முதலாளி அறை பத்தடி தூரத்தில் இருந்தது. போய்க் கேட்டிருக்கலாம். அவள் போகவில்லை. கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே என்று பயமாக இருந்தது. நாடாவை அவிழ்த்துவிட்ட அதே பயலா இதை ஒளித்து வைத்தான்? இரண்டு பேரையும் ஒரே ஆளாகச் சேர்த்துப் பார்க்க அவளுக்கு வரவில்லை. அன்று வீட்டில் கணவர் இரண்டுமுறை என்ன விஷயம் என்று கேட்டார். இரண்டுமுறையும் ஒன்றுமில்லை என்றாள். அவர் மூன்றாம் முறை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பதுக்கு மணி அடித்தது. முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். நாற்காலியில் தம்பி, இடது கையை வலது கையால் மூடியபடி. தீர்ப்புச் சொல்வது கத்தி அண்ணன். எழுபதை நெருங்கும் தலைமைச் சுற்றுக்காரர். தன் பிறைக்கத்தியை யாரையும் தொடவிடாதவர் என்பதால் அந்தப் பேர். சுருட்டைக் கண்ணால் பார்க்கமாட்டார், கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்துத்தான் சொல்வார்.

நாற்காலிக்குப் பதில் பலகைக்குமுன் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். லாரி முதலில் உட்கார்ந்தான். மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டான். கத்தி அண்ணன் தடவினார், நசுக்கினார், முகர்ந்தார்.

"சுற்று சரி. எதிர்ச்சுற்றேதான். ஆனா லாரி, உள்ளே மூட்டை ஏத்தினமாதிரி அடைச்சு வச்சிருக்கியே. இதை இழுத்தா புகை வராது, கண்ணீர்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள், லாரியும்தான். ஆனால் விதியில் இழுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சுற்று மட்டும்தான்.

பெரிய பாப்பா உட்கார்ந்தாள். துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். இடது கையில் கத்தியை எடுத்தாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தாள். இடது கைக்குப் பழகப் பதினெட்டுப் பேர் ஆளுக்கு ஆறு மாதம் பட்ட பாட்டை ஒரு படத்தைக் காட்டி வீண் என்று சொல்ல அவளுக்கு என்ன உரிமை? நிமிர்ந்து பார்த்தாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. அவள் காலடியில் இருந்த துணிப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தியை வலது கைக்கு மாற்றினாள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள் இலைகளை ஒவ்வொன்றாகக் காற்றோட்டம் விட்டு மடித்து அடுக்கினாள். அடுத்த இலையால் கட்டினாள். மேல் இலையைப் பலகையில் விரித்து, நரம்பு பார்த்து, ஒரே இழுப்பில் வெட்டினாள். உள்ளங்கையில் உருட்டினாள். முனைக்குப் பசை தொட்டு மூடினாள். ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்தப் பலகையில் அவள் வலது கை சுற்றிய முதல் சுருட்டு அது.

கத்தி அண்ணன் கண்ணை மூடித் தடவினார். அடியிலிருந்து நுனிவரை போனார், திரும்ப அடிக்கு வந்தார். முகம் மாறியது.

"உள்ளே அருமை. மேலே மடிப்பே தெரியலை. ஆனா பெரிய பாப்பா, சுற்று நம்ம சுற்று இல்லையேம்மா."

"ஆமாண்ணே. முதல் முதலாளியோட சுற்று." பையிலிருந்து பழைய படத்தையும் புதிய படத்தையும் எடுத்துப் பலகையில் அருகருகே வைத்தாள். ஸ்டுடியோக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள். மூட்டைமேல் இருந்த எழுத்தைக் காட்டினாள். சுவரில் இருந்த கறையைக் காட்டினாள்.

ஒருவர் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். லாரி தன் வகிட்டைக் கலைத்துவிட்டு, எந்தப் பக்கம் வாருவது என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டான்.

"நான் சாப்பிடுறது வலது கை, கையெழுத்து வலது கை," என்றார் கத்தி அண்ணன் மெதுவாக. "இந்த வாசப்படியைத் தாண்டினா மட்டும் இடது கை. நாப்பத்தஞ்சு வருஷம். அப்போ நான் சுத்தினதெல்லாம் என்ன பாப்பா?"

"எதிர்ச்சுற்று, அண்ணே. முதல் முதலாளி நீங்க சுத்தினமாதிரி ஒண்ணுகூடச் சுத்தினதில்லை."

அது ஆறுதலா அவமானமா என்று அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. சொன்னவளுக்கே புரியவில்லை.

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தான். "முதல் முதலாளி சுத்தினபடி சுத்தணும்னுதான் விதி. அக்கா சுத்தியிருக்கா. இனி நாற்காலி அக்காவுக்கு."

"எனக்கு ஆட்சேபணை இல்லைப்பா," என்றான் லாரி. "அம்மா சொன்னாங்கன்னுதான் உட்கார்ந்தேன். எனக்கு வண்டியே போதும்."

கைதட்டினார்கள், ஆனால் பாதி மனசோடு. கத்தி அண்ணன் மட்டும் தட்டவில்லை. கத்தியைத் துடைத்தபடி கேட்டார். "அது சரி. இனிமே நாங்க எந்தக் கையால சுத்துறது?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள் அவள். எந்தக் கடைக்கு எந்த ரகம், எந்தக் குவியல் எப்போது வேகும் எல்லாம் நாக்குநுனியில் இருக்கும். இதற்கு இல்லை. வலது கையால் சுற்றச் சொன்னால் நேற்றுவரை பட்ட கஷ்டத்துக்கெல்லாம் கணக்குத் தீரும். ஆனால் திங்கள்கிழமை கடைக்காரன் பெட்டியைத் திறந்து, மேல் இலை ஊரில் எல்லோரும் செய்கிற பக்கமாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்து, இது உங்கள் சரக்கே இல்லை என்று திருப்பி அனுப்புவான். பதினெட்டுப் பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது கையாலதான்," என்றாள். "பழக்கத்தை மாத்தவேண்டாம். எல்லாருக்கும் அதுதான் நல்லது."

சொல்லி முடித்ததும் தூக்கிவாரிப்போட்டது. குரல் அவளுடையது, பேச்சு அப்பாவுடையது.

கூட்டம் கலைந்து போனது. அறையில் அக்காவும் தம்பியும் மட்டும் இருந்தார்கள். அவள் பையிலிருந்து பச்சை இலைக் காகிதத்தை எடுத்துப் பலகையில் நீவி விரித்தாள். அவன் அதைப் பார்த்துத் தலையாட்டினான். மறுக்கவில்லை.

"எப்போலருந்து தெரியும்?"

"பத்தொன்பது வருஷமா."

"ஏன்டா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நாற்காலி உனக்குப் போயிருக்கும். அது ஒரு காரணம், பொய் சொல்லமாட்டேன்." முக்காலியில் உட்கார்ந்தான். "இன்னொண்ணும் இருக்கு. அதுல எது பெரிசுன்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் பிடிபடலை."

"என்ன இன்னொண்ணு?"

"அந்தக் கண்ணாடி எங்க கிடைச்சுதுன்னு நீ கேட்கவே இல்லையே." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பாவோட இரும்புப் பெட்டியில. அவர் கைக்குட்டையில சுத்தி."

பெரிய பாப்பா காகிதத்தை நாலாக மடித்தாள்.

"அவர் அதை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரா, இல்லை ஏதோ பழைய கண்ணாடின்னு சும்மா போட்டு வச்சிருந்தாரா, எனக்குத் தெரியாது. பார்த்திருந்தா எப்போ பார்த்தார்? உன் கையைக் கட்டினதுக்கு முன்னாடியா, பின்னாடியா? யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன்க்கா. ஒருநாள் ஆமான்னு தோணும், மறுநாள் இருக்காதுன்னு தோணும். சொன்னா நீயும் இதையே யோசிச்சுட்டு உட்கார்ந்திருப்பே. அதான் சட்டத்துக்குப் பின்னாடி வச்சேன். உடைக்கவும் மனசு வரலை."

அவளுக்கு அவனை அறையவேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று வருடத்துக்கு அப்புறம் இப்போதுதான் அதில் உட்காருகிறாள். உட்கார்ந்ததும் வலது கை தானாகப் போய் நாற்காலிக் கையின்மேல் படிந்தது. மரம் அங்கே இன்னும் நாடா அகலத்துக்குத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. மணிக்கட்டு அதில் சரியாகப் பொருந்தியது.

பலகையில் அவள் சுற்றிய சுருட்டு கிடந்தது. எடுக்கலாம் என்று நினைத்தாள். கை எழவில்லை. கட்டு ஒன்றும் இல்லை, அது அவளுக்கே தெரிகிறது, ஆனாலும் எழவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? இனிமேல் இந்த நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு நாளும் இதுதான் கேள்வி. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை.

"தம்பி," என்றாள். "கையை எடுக்க வரலைடா."

அவன் முக்காலியிலிருந்து எழுந்தான். நரைத்த தலையோடு வாசல்வரை போய், ஒருதரம் எட்டிப் பார்த்தான். யாரும் வரவில்லை. திரும்பி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, நடுங்கும் விரல்களால் அவள் மணிக்கட்டின்மேல் இல்லாத முடிச்சைத் தேடிப் பிடித்து அவிழ்த்தான். அவள் கையை உதறிக்கொண்டாள்.